பொன்னும் பொய்ப்பொன்னும்: கந்தகக் கல்லை ஆராயும் முறை

மின்னுவதெல்லாம் பொன்னன்று என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கும் முதுமொழி. அம்மொழிக்கு இலக்கியமாய் அமைந்த கல்லொன்று கனிப்பொருளுலகில் உண்டு. கல்முனையிலும் அதனையடுத்த மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலும் கிணறு வெட்டுவோர், வீட்டு அத்திவாரத்துக்குக் கருங்கல் இறக்குவோர், மேற்கே பாறையுடைக்கும் இடங்களில் தொழில் செய்வோர் ஆகியோரது கையில் மஞ்சள் ஒளி வீசும் கல்லொன்று என்றேனும் அகப்படுதல் கூடும். அகப்பட்டவுடன் மனத்தில் எழும் வினா, “இதிற் பொன் உண்டோ?” என்பதாம். அதனை எல்லோருங் கேட்பர். “இதில் நஞ்சு உண்டோ?” என்பது மற்றொரு வினா. அதனைக் கேட்போர் மிகச் சிலரே. இவ்விரு வினாக்களுக்கும் முறைப்படி விடை காணுமாறு எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரண்டாவது வினாவே முதலாவதினும் பெரிது என்பது முடிவில் விளங்கும்.

கல்லின் இயல்பு

மேனாட்டார் பைரைற்று என வழங்கும் இக்கல், இரும்பும் கந்தகமும் கூடிய ஒரு சேர்வையாகும். தூய நிலையில் நூற்றுக்கு 46.6 பங்கு இரும்பும் 53.4 பங்கு கந்தகமும் இதில் அடங்கியுள்ளன. தீ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இதன் பெயர் பிறந்தது; உருக்கினால் ஓங்கித் தட்டினால் தீப்பொறி பறத்தலே அப்பெயர்க்குக் காரணம். இது பெரும்பாலும் சதுரமுகிப் பளிங்குகளாகக் காணப்படும். அம்முகங்களில் மெல்லிய வரிகள் ஓடுவதுண்டு. இலங்கையில் போகலை, ககட்டகஹ ஆகிய காரீயச் சுரங்கங்களிலுங்கூடக் காரீயத்தோடு இணைந்து இது கிடைக்கின்றது.

இதனோடு மயங்குதற்குரிய கற்கள் வேறு சிலவும் உள. செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சால்கோபைரைற்று பொன்னிறத்தில் இன்னும் ஒரு படி மிக்கது. ஆயுர்வேத மருத்துவர் சுவர்ண மாட்சிகம் எனக் கொள்வது பெரும்பாலும் இதுவே. இரும்பும் ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த ஆசனோபைரைற்று வெள்ளி போன்ற சாம்பல் நிறமுடையது. வெயிலிற் பொன்போல் ஒளிரும் மைக்காத் தகடுகளோ மிக இலேசானவை. ஒரே பாறையில் இவை யாவும் கலந்திருத்தலும் உண்டு. ஆதலால் ஒரு கல்லுக்குப் பெயரிடுதலன்று, அதன் உட்பொருள்களை அளந்தறிதலே ஆராய்ச்சி என்க.

கண்ணை நம்பிக் கெட்டோர்

பொய்ப்பொன்னால் ஏமாந்தோர் கல்லாதார் மட்டுமல்லர். பிரான்சிய மாலுமியாகிய சாக் கார்ட்டியே 1542 ஆம் ஆண்டு கனடாவிலிருந்து பொன்னும் வைரமும் என்று எண்ணிக் கொண்டுவந்தவை, பைரைற்றும் பளிங்குக் கல்லும் ஆகவே முடிந்தன. ஆங்கில மாலுமியாகிய மார்ட்டின் புரோபிசர் வரலாறு இதனினும் பாடமுடையது. 1576 இல் அவர் வடகடற் பயணத்திற் கொணர்ந்த கருங்கல்லொன்றை இலண்டன் நகரத்துச் சோதனையாளர் சிலர் ஆராய்ந்து, அதிற் பொன்னில்லையெனக் கூறினர். பின்னர் ஒருவர் மட்டும் பொன்னுண்டென்றார். வேண்டிய விடை அந்த ஒருவரிடமிருந்து கிடைத்தமையால் அவர் சொல்லே ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1578 இல் 15 கப்பல்கள் சென்று 1,000 தொன்னுக்கு மேற்பட்ட கல்லை ஏற்றி வந்தன. ஈற்றில் அது யாதொரு பயனுமற்றதெனத் துணியப்பட்டது. பலர் ஒருமித்துக் கூறிய முடிவை விடுத்துத் தமக்கினிய ஒரு முடிவைத் தெரிந்துகொண்டதே அங்கு நிகழ்ந்த பிழையாம்.

தமிழ் நாட்டிலும் அத்தகைய மயக்கம் ஒன்று நேர்ந்தது. நீலகிரியின் மேற்குப் பக்கத்துத் தேவாலை, பந்தலூர்ப் பகுதிகளிலுள்ள பளிங்குக்கல் நாளங்களிற் பொன்னுண்டு என்பது உண்மையே. ஆயினும் 1880 ஆம் ஆண்டை ஒட்டிய இரண்டு மூன்று ஆண்டுகளில் இலண்டனிற் பல கம்பெனிகள் தோன்றிப் பெருமுதல் திரட்டி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கின. கிடைத்த பொன் செலவுக்கும் ஈடாகவில்லை. சில ஆண்டுகளுள் அம்முயற்சிகள் வீழ்ந்தன. இங்குப் பொன் இல்லையென்பதன்று குறை. எவ்வளவு உண்டென்று முன்னரே செவ்வனே அளவாமையே குறை.

கண்ணாற் காண்டற்கும் ஆய்வுகூடத்தில் அளத்தற்கும் உள்ள வேற்றுமைக்கு இலங்கை வரலாற்றிலேயே சிறந்த சான்றொன்று உண்டு. கலையாராய்ச்சியாற் பெரும் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி, அதற்கு முன்னர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வின் தலைவராய்ப் பணியாற்றிய அறிவியலாளர். பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கரிய, கனமான கனிப்பொருளொன்று முதலில் யுரேனியக் கனியமென்றே கருதப்பட்டது. 1904 இல் இலண்டனிற் செய்யப்பட்ட இரசாயனப் பகுப்போ, அதிற் பெரும்பங்கு தோரியம் எனக் காட்டியது. தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருள் அவ்வாறே உலகுக்கு அறிமுகமாயிற்று. வல்லுநர் கண்ணும் தராசுக்கும் உலைக்கும் பணிய வேண்டும் என்பதே இதன் கருத்து.

கையாற் செய்யத்தக்க சோதனைகள்

ஒரு கல் கிடைத்தவிடத்து முதலாவதாக அறியவேண்டியது, அஃது எங்கிருந்து வந்தது என்பதாம். கல்முனைக் கரையோரம் மணலாலும் வண்டலாலும் ஆயது. அதன் அடியிலும் மேற்கிலும் பரந்துள்ளவை விசயன் தொகுதி எனப் புவிச்சரிதவியலார் கூறும் மிகப் பழைய தீப்பாறைத் தன்மைய வரிப்பாறைகள். எனவே கரையில் அகப்பட்ட பெருங்கல், கடலரிப்பைத் தடுக்கவோ கட்டட வேலைக்கோ வேறிடத்திலிருந்து கொணரப்பட்டதாதல் கூடும். பிறப்பிடம் அறியாத கல்லிற் பொன்னிருந்தாலும் அதனாற் பயனில்லை. தேடவேண்டிய இடம் தெரியாதன்றோ?

அடுத்து, கடினத்தைச் சோதித்தல் வேண்டும். பொன்னின் கடினம் 2.5 முதல் 3 வரையாம். ஊசி முனையாற் கீறினால் வடுப்படும். பைரைற்றின் கடினம் 6 முதல் 6.5 வரையாதலால் அது பேனைக்கத்தியின் அலகுக்கும் மசியாது. சுத்தியலாற் தட்டினால் பொன் தகடாக விரியும். பைரைற்று நொறுங்கித் தூளாகும். மெருகிடாத வெள்ளை ஓட்டிற் தேய்த்தால் பொன் மஞ்சட் கோடு இழுக்கும்; பைரைற்றும் சால்கோபைரைற்றும் பச்சை கலந்த கருங்கோடு இழுக்கும். தட்டார் கட்டளைக்கல்லில் உரைத்துப் பார்ப்பதும் இவ்வகைத்தே. உரைத்த கோட்டின்மேல் நைத்திரிக்கமிலம் இட்டால் பொற்கோடு நிலைத்திருக்கும், ஏனையவை கரைந்துபோம்.

நிறுத்துப் பார்த்தல் இவற்றுட் சிறந்தது. திண்மப் பொருளொன்று நீரில் அமிழும்போது அது விலக்கும் நீரின் நிறையளவு தன் நிறை குறைந்து தோன்றும் என்பது ஆர்க்கிமிடீசு கண்ட உண்மை. அதனைக் கருவியாகக் கொண்டு உலோகங்களையும் மணிகளையும் நுட்பமாக அளந்தவர் பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிரூனி என்னும் பேரறிஞர். அவர் வழியில் அல்காசினி என்பார் 1121 ஆம் ஆண்டளவில் நீர்த்தராசின் அமைப்பை விரித்துத் தனிநூலே இயற்றினார். இன்று பாடசாலை ஆய்வுகூடத்திலும் இது செய்யத்தக்கதே. ஒரு கல் காற்றில் 200 கிராமும் நீரில் 160 கிராமும் நிறுக்குமாயின் குறைவு 40 கிராம்; 200 ஐ 40 ஆற் பிரிக்க 5 வரும். அது பைரைற்றின் அடர்த்தி. தூய பொன்னின் அடர்த்தியோ 19.3. ஆதலின் 200 கிராம் பொன் நீரில் ஏறக்குறைய 10.4 கிராமே குறையும்.

இச்சோதனைகள் ஒரு கல் பொற்கட்டியன்று எனத் தெளிவாகக் காட்டும். ஆயினும் அக்கல்லுட் பொன் சிறிதும் இல்லை எனக் காட்டமாட்டா. மேற்கூறிய 200 கிராம் கல்லில் 10 கிராம் பொன் மறைந்திருந்தாலும் அதன் அடர்த்தி 5 இலிருந்து 5.2 அளவுக்கே உயரும். ஒரு தொன்னுக்கு 50,000 கிராம் என்னும் வீதத்திற் பொன்னிருந்தும் தராசு அவ்வளவே அசையும். சுரங்கத் தொழிலிற் பேசப்படும் அளவுகளோ தொன்னுக்கு ஒரு சில கிராம்கள். அவற்றை நீர்த்தராசு அறியாது.

மறைந்திருக்கும் பொன்

பைரைற்றைப் பொய்ப்பொன் என இகழ்ந்தொதுக்குதலும் முற்றும் பொருந்தாது. பொன்னைச் சுமந்து வந்த வெந்நீர்க் கரைசல்களே பல இடங்களிற் பைரைற்றையும் படியச் செய்தன. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துக் கார்லின் என்னுமிடத்தில் 1960களின் தொடக்கத்திற் கண்டுபிடிக்கப்பட்ட படிவத்திற் பொன் கண்ணுக்குப் புலப்படுவதேயில்லை. ஆசனிக்கு கலந்த பைரைற்று மணிகளுள் அது நுண்ணிதாய் ஒடுங்கிக் கிடக்கின்றது. மறைந்த பொன்னும் கொடிய ஆசனிக்கும் ஒரே கல்லில் உறைவது நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்தகைய பொன்னை அளத்தற்கு முதற்படி, மாதிரி எடுத்தல். மிகுதியாக ஒளிரும் துண்டையே தெரிந்தெடுத்து அனுப்புதல் பெரும் பிழை. பாறையின் அகலம் முழுவதிலிருந்தும், ஒளிரும் பகுதியும் ஒளிராப் பகுதியும் ஒப்பச் சேருமாறு, பல கிலோகிராம் எடுத்தல் வேண்டும். அதனை நொறுக்கிக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாற்கூறிட்டு, எதிரெதிர்க் கூறிரண்டை மட்டும் கொள்ளுதல் வேண்டும். இவ்வாறு பலமுறை செய்து பெறும் சிறுபகுதி முழுப் பாறைக்கும் பிரதிநிதியாகும். ஒரே தூளை இரு வேறு இலக்கமிட்டு அனுப்புதலும், பொன்னற்ற வெறுங்கல்லொன்றை இடையிற் சேர்த்தனுப்புதலும் ஆய்வுகூடத்தின் நேர்மையையும் நுட்பத்தையும் சோதிக்கும் வழிகள். புரோபிசர் காலத்தார் இவ்வழியைக் கைக்கொண்டிருப்பின் அத்துணைக் கப்பல்கள் வீணாகச் சென்றிரா.

இரண்டாம் படி, உலைச் சோதனை. மாவாக அரைத்த தூளில் 30 கிராம் நிறுத்து, மிருதார்சிங்கி, வெங்காரம், சோடா, மணல், சிறிது கோதுமை மா ஆகியவற்றோடு கலந்து மண்மூசையில் இட்டு, ஏறத்தாழ 1,000 முதல் 1,100 பாகை வரை உருக்குவர். மாவிலுள்ள கரி மிருதார்சிங்கியை ஈயமாக்கும். உருகிய ஈயத்துளிகள் கீழிறங்கும்போது பொன்னையும் வெள்ளியையும் தம்முட் கவர்ந்துகொள்ளும். கல்லின் ஏனைய பகுதி கசடாக மேலே மிதக்கும். பின்னர் அவ்வீயத்தை எலும்புச் சாம்பலாற் செய்த கிண்ணத்திலிட்டுப் புடமிட, ஈயம் சாம்பலுள் ஊறிவிடும். பொன்னும் வெள்ளியும் சிறுமணியாக எஞ்சும். அதனை நைத்திரிக்கமிலத்தில் இட வெள்ளி கரையும். எஞ்சிய பொன்னை நுண்டராசில் நிறுப்பர். பைரைற்றிற் கந்தகம் மிகுதியாதலின் அதனை முன்னரே வறுத்தோ வெடியுப்புச் சேர்த்தோ நீக்குதல் இன்றியமையாதது. ஒரு தொன்னுக்கு 3 கிராம் பொன்னுள்ள பாறையாயின் 30 கிராம் தூளில் உள்ள பொன் 0.00009 கிராம் மட்டுமே. அதனை நிறுக்க எத்துணை நுண்மை வேண்டும் என்பதை எண்ணிக் காண்க. இக்காலத்தில் அம்மணியைக் கரைத்து அணுவுறிஞ்சல் நிறமாலைமானியால் அளத்தலும் வழக்கம்.

எண் கிடைத்த பின்னரும் கணக்கு முடிவதில்லை. 3 கிராம் என்பது அரைப் பவுணுக்கும் குறைவு. அதனைப் பெற ஒரு தொன் பாறையை உடைத்து, மாவாக்கி, சயனைட்டுக் கரைசலில் ஊறவைத்து, எஞ்சிய கழிவையும் காக்க வேண்டும். தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயல், 1880 இல் தொடங்கி ஏறத்தாழ 800 தொன் பொன்னை ஈந்தது. அதன் சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் மேலான ஆழத்துக்குச் சென்றது. ஆயினும் செலவு வரவை விஞ்சியமையால் 2001 பெப்ரவரி 28 ஆம் நாள் அது மூடப்பட்டது. பொன் போயிற்று, அரைத்த கழிவு மேடுகள் நகரின் நடுவே இன்றும் நிற்கின்றன. இலங்கையின் கிழக்கில், திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலையில், 1971 ஆம் ஆண்டு புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தாரால் செம்பும் காந்த இரும்புக் கனியமும் கொண்ட படிவம் கண்டறியப்பட்டது. சால்கோபைரைற்றும் பைரைற்றும் அதில் அடங்கும். அத்தகைய படிவத்தை மதிப்பிடுங்கால் செம்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்பனவற்றோடு, கந்தகக் கழிவை எங்கே வைப்பது என்பதும் முதற்கண் கேட்கப்படவேண்டிய வினாவாம்.

கல்லில் உறங்கும் அமிலம்

பைரைற்று பாறையுட் காற்றுப்படாது கிடக்கும்வரை தீங்கற்றது. உடைத்துத் தூளாக்கி ஈரக்காற்றில் இட்டால் அது ஒட்சிசனையும் நீரையும் ஏற்றுத் துருவாகவும் கந்தகாமிலமாகவும் மாறும். ஒரு தொன் தூய பைரைற்று முற்றும் மாறினால் ஒன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட கந்தகாமிலம் தோன்றும். இம்மாற்றத்தை விரைவுபடுத்தும் நுண்ணுயிரொன்றும் உண்டென்பது 1947 இல் அறியப்பட்டது. தோன்றிய அமிலம் பாறையிலுள்ள செம்பு, ஈயம், கட்மியம், ஆசனிக்கு முதலியவற்றைக் கரைத்து நீரோடு கொண்டுசெல்லும். அயர்லாந்தில் வீட்டுத் தளங்களின்கீழ்ப் பைரைற்றுக் கலந்த கல்லை நிரப்பியமையால், அது மாறி உப்பித் தளங்களும் சுவர்களும் வெடித்தன. 2013 இல் அதற்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. கட்டடக் கல்லையும் ஆராய்தல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

கல்லொன்று அமிலம் தருமோ என அறிதற்கு அமிலக் கணக்கு என்னும் முறையுண்டு. ஒரு தொன் பாறையிற் பைரைற்றாயுள்ள கந்தகம் நூற்றுக்கு ஒரு பங்காயின், அதனால் விளையும் அமிலத்தை அடக்க 31.25 கிலோகிராம் சுண்ணக்கல் வேண்டும். அவ்வளவு சுண்ணம் அப்பாறையிலேயே உண்டாயின் ஆபத்துக் குறைவு, இன்றேல் மிகுதி. ஆசனிக்கை அளக்குமிடத்து இரு அளவுகள் தேவை. கல்லில் மொத்தம் எவ்வளவு உண்டென்பது ஒன்று. நீரிற் கரைந்து வெளிவருவது எவ்வளவு என்பது மற்றொன்று. மனிதனைத் தாக்குவது பின்னையதே. குடிநீரில் ஒரு லீற்றருக்கு ஆசனிக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

அடுப்பிலோ தட்டார் உலையிலோ இக்கல்லை வறுத்துப் பொன் பிரிக்க முயல்வது இவை எல்லாவற்றினும் கொடிது. பைரைற்று மூச்சைத் திணறச் செய்யும் கந்தகப் புகையைக் கக்கும். ஆசனோபைரைற்றோ உள்ளிப்பூண்டு நாற்றத்தோடு வெண்புகை கக்கும். அப்புகை படிந்தால் அதுவே வெள்ளைப் பாடாணம். கனடாவின் யெலோநைப் நகரருகே 1948 முதல் 2004 வரை இயங்கிய சயன்ற் சுரங்கத்தில் ஆசனோபைரைற்றை வறுத்தே பொன்னெடுத்தனர். 1951 இல் அவ்வூர்ப் பழங்குடிக் குழந்தையொன்று ஆசனிக்கு நஞ்சினால் மாண்டது. அங்கே நிலத்தடி அறைகளில் சேர்த்துவைக்கப்பட்ட பாடாணத் தூள் 237,000 தொன். சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் அதனைக் காத்தல் ஓர் அரசின் தீராச் சுமையாயிற்று. பெருந்தொழிற்சாலைக்கே அடங்காத நஞ்சு, ஒரு குடும்பத்தின் சமையலறையில் எங்ஙனம் அடங்கும்? பாதரசமிட்டுப் பொன்னைப் பிரித்து, அப்பாதரசத்தைச் சூட்டினால் ஆவியாக்குதலும் அத்தகைய கேடே.

கரையோரத்தாருக்குரிய பாடம்

கல்முனைக் கரையின் கிணறுகள் மணலுள் அதிக ஆழமின்றி வெட்டப்பட்டவை. உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே அவற்றின் ஊற்று. 2004 மார்கழி ஆழிப்பேரலையின் பின்னர்க் கிணறுகள் உவர்த்தமையை அங்குள்ள ஒவ்வொரு வீடும் அறியும். மேலே கொட்டப்படுவது கீழே இறங்க மணலில் நெடுநாள் வேண்டியதில்லை. எனவே சந்தேகத்துக்குரிய கற்றூளையோ சோதனைக் கழிவையோ முற்றத்திற் கொட்டுதல் கிணற்றிற் கொட்டுதலுக்கு ஒப்பாகும்.

இன்னுமொன்று. பைரைற்று பாறையில் மட்டுமன்றிச் சேற்றிலும் பிறக்கும். கடல்நீரிற் சல்பேற்று உண்டு. சேற்றில் இரும்பும் மக்கிய இலைகளும் உண்டு. காற்றில்லாத அவ்விடத்தில் நுண்ணுயிர்கள் இவற்றைக்கொண்டு நுண்ணிய பைரைற்று மணிகளை ஆக்குகின்றன. கண்டற் காடுகளும் களப்புக்களும் உள்ள கரையெங்கும் இதற்கு ஏற்ற சூழல் உண்டு. அச்சேற்றை வடித்து உலரவிட்டால் அமிலம் பிறக்கும். கேரளத்துக் குட்டநாட்டில் கரி நிலங்கள் எனப்படுவன இத்தன்மையவே. இலங்கையின் தெற்கே நில்வளா கங்கைத் தாழ்நிலத்தில் வெள்ளத் தடுப்புக்காக நீர் வடிக்கப்பட்டபோது, மண் புளித்து வயல்கள் கைவிடப்பட்டன. திருக்கோயில், கோமாரி, பொத்துவிற் பக்கங்களில் களப்போரச் சேற்றை இறால் வளர்ப்புக்கோ வயலுக்கோ தோண்ட எண்ணுவோர், முன்னரே அம்மண்ணைச் சோதித்தல் கடமையாம். சேற்றில் ஐதரசன் பேரொட்சைட்டு இட்டதும் அது பொங்கி, அமிலத்தாளில் 3 க்குக் கீழ் காட்டுமாயின், அந்நிலத்தைத் தோண்டாது நீருள் விடுதலே நன்று. இச்சோதனையை மாணவர் தாமே செய்தலாகாது; ஆசிரியர் முன்னிலையிலேயே செய்தல் வேண்டும்.

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனிப்பொருள்கள் சட்டத்தின்படி, இலங்கையிற் கனிப்பொருள் தேடுதற்கும் அகழ்தற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அச்சட்டத்தால் அமைந்த புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துக்குக் கல்லைக் கொண்டுசெல்லலாம். கொண்டுசெல்வோர் கண்ட இடம், ஆழம், நாள், சூழ்ந்த பாறையின் தன்மை ஆகியவற்றை எழுதிச் சேர்த்தல் வேண்டும். பொன்னை மட்டும் கேளாது ஆசனிக்கையும் கந்தகத்தையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.

பொன் இல்லையென்ற விடை ஒருவருக்கு ஒருநாள் ஏமாற்றமே தரும். நஞ்சு உண்டென்ற விடையை உரிய காலத்திற் பெறாமையோ ஓர் ஊரின் கிணறுகளைத் தலைமுறைகளுக்குக் கெடுத்துவிடும். நல்ல நீர் கிடைக்கும் கிணற்றைப் பொன்போற் காத்த முன்னோர், பொன்னினும் அரியது எது என்பதை நன்கறிந்தவரே. அவ்வறிவோடு தராசும் உலையும் தரும் அறிவையும் சேர்த்துக்கொள்ளுதல் கற்றார் கடனாகும்.